கடற்பாசி ஊறிய பாட்டில்

மலர்க்கொடி அக்காவுக்கு வாய் ஜாஸ்தி. கை அதைவிட ஜாஸ்தி. கடலூர் முதுநகர் துறைமுகக் கற்களில் கடற்பாசி சுரண்டி வந்து, அண்ணாமலை நகரில் எங்கள் ஆய்வகத்தில் கழுவிக் காயவைப்பது அவர் வேலை. ஒருமுறை பஸ்ஸில் சீண்டியவனின் பல்லை உடைத்துவிட்டு, ரத்தம் காயாத கையோடு மூட்டையை இறக்கினார். புருஷன் ராஜாமணி கள்ளச்சாராயம் குடித்துச் செத்தபோது, அதை விற்றவன் வீட்டுக் கதவைக் கோடாலியால் பிளந்தவர். எனக்கு அவரைப் பிடிக்கும். பயமும் உண்டு.

நான் அங்கே ஆராய்ச்சி மாணவி. அந்தப் பாசியை மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுக்கிறேன். தட்டில் வளர்த்த செல்களில் அது டெங்கு வைரஸைக் கொஞ்சம் அடக்கியது, அவ்வளவுதான். எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை. அக்காவோ, "டெங்குவுக்கு நாங்க மருந்து கண்டுபுடிச்சிட்டோம்" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

போன கார்த்திகையில் அவர் தம்பி செம்பியனின் மகள் அனுப்பிரியாவுக்கு டெங்கு. கடலூர் ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. செம்பியன் பைக்கை விரட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டான்.

"அக்கா, அந்த மருந்தக் குடு."

"அது மருந்து இல்லடா, வெஷம். கொழந்த செத்துடும்."

"நீதான ஊரெல்லாம் சொன்ன? எம்பொண்ணுக்குன்னா மட்டும் வெஷமா?"

அறைந்தான். அக்கா திருப்பி அறைந்தார். அவன் ஸ்டூலைத் தூக்கி அடித்ததில் அவர் நெற்றி பிளந்தது. தடுக்கப்போன என்னைச் சுவரில் மோதத் தள்ளிவிட்டு, அலமாரியில் பாசி ஊறிய பாட்டிலோடு வாசலுக்கு ஓடினான். முகமெல்லாம் ரத்தம் வழிய அக்கா அவன் முடியைப் பிடித்து இழுத்தார், மணிக்கட்டைக் கடித்தார், பாட்டிலைப் பிடுங்கி அவன் காலடியிலேயே ஓங்கி உடைத்தார். என் ஒரு வருஷ உழைப்பு தரையில் ஓடியது. அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"எம்பொண்ணக் கொன்னுட்டியேடி!" என்று அவர் கழுத்தை நெரித்தான் செம்பியன். அக்காவின் கண் பிதுங்கியது. நான் அவன் முதுகில் குத்திக்கொண்டே இருந்தேன்.

தரையிலிருந்து நெடி ஏறியது. அவன் கை தானாகத் தளர்ந்தது. ராஜாமணி கள்ளச்சாராயம் குடித்த அன்று அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான். வழியெல்லாம் அவன் சட்டையில்தான் வாந்தி எடுத்தார்.

"அக்கா... மாமா மேல அடிச்ச வாடதான இது?"

"அதேதாண்டா. உங்க மாமாவக் கொன்ன எழவுலதான் இந்தப் பாசி ஊறுது."

உடைந்த கண்ணாடி மேலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

அனுப்பிரியா சலைனிலேயே தேறிவிட்டாள். நெற்றியில் தையலோடு அக்கா மறுபடி மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார்.

"கொழந்தைக்குக் குடுக்கிற மாதிரி எப்ப ஆவும்?"

"பல வருஷம் ஆகும்க்கா. ஆகாமலும் போகலாம்."

எனக்கும் ஓர் அறை விழும் என்று ஒதுங்கினேன். அவர் தையலைத் தடவிக்கொண்டார்.

"நெத்தியத் தச்ச டாக்டரு, என் வாயையும் சேத்துத் தச்சிருக்கலாம்."