ஊத்தான் மெலிந்தாங் ஜெட்டியில் ஒரு பால்சுறா

1983, ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறேகாலுக்கு ஈப்போவில் தெலுக் இந்தான் பஸ் ஏறினேன். எண்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் மூன்று வெள்ளி இருபது காசு. பையில் அளவு நாடா, கத்தி, படிவங்கள். வலையில் விழும் சுறாக்களின் நீளம் என்ன, ஆணா பெண்ணா, வயிற்றில் குட்டி உண்டா என்று எழுதுவது மலேசிய மீன்வளத் துறையில் என் தற்காலிக வேலை. நான்கு மாதமாகக் குட்டிக்கான கட்டம் மட்டும் காலி. படகுக்காரர்கள் கடலிலேயே வயிற்றைக் கிழித்து உள்ளே இருப்பதை எறிந்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சினைச்சுறாவாவது பதிவாகாவிட்டால் வேலை இல்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

எட்டே முக்கால். தெலுக் இந்தானில் மாறி ஏறிய ஊத்தான் மெலிந்தாங் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் முனியாண்டி என்கிற இளைஞர். சுங்காய்ப் பக்கம் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். மனைவிக்குப் பிரசவமாகி எட்டு நாள், பால் சுரக்கவில்லை. டின் பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பால்சுறா வாங்கிப் புட்டு செய்து கொடுக்க, புதுமீன் தேடி, படகுகள் அணையும் ஜெட்டிக்கே வருகிறார். சுறா பால் கொடுக்கிற ஜீவன் இல்லை என்று நான் பாடம் எடுத்தேன். என் வாய் சும்மா இருக்காது. அவர் கோபப்படவில்லை.

"இருக்கட்டும்க்கா. எங்க தோட்டத்து லயத்துல எல்லாருக்கும் இதான் லா குடுப்பாங்க," என்றார்.

ஒன்பதரைக்கு ஜெட்டி. பெரிய படகுகளில் வந்ததெல்லாம் தலையும் துடுப்பும் இல்லாத, வயிறு கிழித்த முண்டங்கள். பத்தரைக்கு ஆற்று முகத்துவாரத்திலிருந்து சின்னப் படகு ஒன்று வந்தது. அதில் ஒரே ஒரு பால்சுறா. பெண். கிழிக்காத வயிறு, நல்ல பருமன். முனியாண்டி அதை வாங்கி, மீன் வெட்டும் சீனரிடம் கொடுத்தேவிட்டார். கத்தி இறங்கப் போனது. நான் ஓடிப்போய்க் கையைக் குறுக்கே நீட்டினேன்.

"தம்பி, கொஞ்சம் பொறுங்க. அளந்துட்டு நானே கீறிப் பாத்துக்கறேன். மீனு உங்களுக்குத்தான்."

"பாருங்கக்கா, எனக்கென்ன," என்றவர், நாடா நழுவாமல் வாலைப் பிடித்தும் கொடுத்தார்.

எண்பத்து நான்கு சென்டிமீட்டர். கீறினேன். நான்கு குட்டிகள். ஒவ்வொன்றையும் தாயோடு பிணைத்தபடி தொப்புள்கொடி. எனக்கு வந்த சந்தோஷத்தில் பக்கத்தில் நிற்பவரை மறந்தேபோனேன். இரண்டு ஆண், இரண்டு பெண் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன். கடைசிக் குட்டி வாயைத் திறந்து மூடியது.

முனியாண்டி வாலை விட்டுவிட்டார்.

"எம் புள்ளைக்கு நேத்துதான்க்கா கொடி விழுந்துச்சு," என்றார். பிறகு, "இத எப்புடி எம் பொண்டாட்டி வாயில வைக்கிறது?"

கழுவிக் கட்டித் தருகிறேன், குட்டிகளை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அவர் கையைக் குழாயில் கழுவிவிட்டு, மீனை அங்கேயே விட்டு நடந்தார். வேறு பால்சுறா அன்று வரவில்லை. ஒரு மணி பஸ்ஸில் இருவரும் ஏறினோம். அவர் முன் சீட்டில் வெறுங்கையோடு உட்கார்ந்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரி படிவத்தைப் பார்த்து, ஆறு மாதம் வேலையை நீட்டித்தார். முனியாண்டியின் மனைவிக்குப் பால் சுரந்ததா என்று இன்றுவரை தெரியாது. நான் பொறுக்கச் சொல்லாமல் இருந்திருந்தால், அந்தச் சீனர் வழக்கம்போல வயிற்றில் இருந்ததைக் கூடையில் தள்ளிவிட்டு மீனைக் கட்டிக் கொடுத்திருப்பார். இவரும் ஒன்றும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்.