இல்லாத போனின் இருப்பிடம்

அக்கா தன் புருஷனான மாமாவை விட்டுவிட்டு, சிதம்பரத்திலிருந்து ஒரு பையோடு மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகும் மாமா சண்டை போட வரவில்லை. எனக்குப் போன் செய்வார், அவ்வளவுதான். "மச்சான், அக்காவ வெயில்ல அலைய வுடாத. மார்க்கெட்டுக்கு நடந்தே போயிட்டு வந்துருக்கா பாரு" என்பார். அக்கா அப்போதுதான் காய்கறிப் பையை இறக்கி வைத்திருப்பாள்.

யாரோ தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்கிறார்கள் என்று நினைத்தோம். அம்மா எதிர்வீட்டுக்காரர்களைச் சந்தேகப்பட்டு அவர்களிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் அக்கா பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்திருந்தபோது, "பல்லு புடுங்கிட்டாங்களா?" என்று மாமாவின் மெசேஜ் வந்தது. அவள் அங்கே போனது வீட்டில் இருந்த எங்களுக்கு மட்டுமே தெரியும். டாக்டரைப் பார்க்காமலேயே திரும்பி வந்தவள், போனை என் மேஜைமேல் வைத்து விரல் நுனியால் தள்ளினாள்.

"இதுக்குள்ள என்னமோ இருக்குடா தம்பி. பாரு."

மாமாவுக்குச் சிதம்பரத்தில் செல்போன் சர்வீஸ் கடை. வீட்டின் முன்பக்கமே கடை. கல்யாணமான புதிதில் அந்தப் போனை வாங்கி, எல்லாவற்றையும் ஏற்றி அக்காவுக்குக் கொடுத்தது அவர்தான். எனக்கோ செல்போன் செயலிகளை வீட்டிலிருந்தபடியே சோதித்துச் சொல்லும் வேலை. செட்டிங்ஸில் துழாவியபோது 'சிஸ்டம் சர்வீஸ்' என்ற பெயரில், படமே இல்லாமல் ஒரு செயலி ஒளிந்திருந்தது. எந்தக் கம்பெனியும் போனோடு அப்படி ஒன்றைத் தருவதில்லை.

அது என்ன செய்கிறதென்று தெரிய வேண்டுமானால் அதை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஆபீஸ் லேப்டாப்பில் கூடாது. கல்லூரியில் வாங்கிய பழைய லேப்டாப் இருந்தது, எட்டு ஜிபி ரேம் மெமரி. அதையும் அந்தச் செயலி கெடுத்துவிடுமோ என்று பயந்து, உள்ளே ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டேன். கம்ப்யூட்டருக்குள் பூட்டி வைத்த இன்னொரு கம்ப்யூட்டர் அது. அதற்கு நாலு ஜிபி. அந்த நாலுக்குள் ஓர் எமுலேட்டர், அதாவது திரையில் மட்டுமே இருக்கிற போன். அதற்கு ஒன்றரைக்கு மேல் கொடுக்க முடியவில்லை. ஃபேன் இரைந்தது. திரை வெகுநேரம் கறுப்பாகவே கிடந்தது. அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் அசையாமல் நின்றாள்.

எமுலேட்டர் எழும்போதெல்லாம் தன்னை அமெரிக்காவில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். வேறு ஊரை நாம்தான் குறித்துக் கொடுக்க வேண்டும். நான் கீரப்பாளையத்தைக் குறித்தேன். அங்கே எங்களுக்குச் சொந்தபந்தம் யாருமில்லை. அக்காவின் போனிலிருந்து சிக்னல் போகாதபடி ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, அவள் பதிவோடு அதிலிருந்து எடுத்த செயலியைத் திரைப் போனில் ஏற்றினேன். இருப்பிடம் கேட்டது, மெசேஜ் கேட்டது, மைக் கேட்டது. மைக்கை மறுத்துவிட்டு மற்றதற்கெல்லாம் சம்மதம் கொடுத்தேன். உடனே கண்ணிலிருந்து மறைந்துபோனது.

அன்று சாயங்காலம் மாமா கூப்பிட்டார்.

"மச்சான், கீரப்பாளையத்துல யாரு இருக்கா நம்பளுக்கு?"

"யாரும் இல்லியே மாமா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். அக்காவ ஒடம்ப பாத்துக்கச் சொல்லு."

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்ப நீ எங்க குறிக்கிறியோ அங்கதான் நான் இருக்கேன், இல்ல?" என்றாள்.

புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடம் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. சர்டிபிகேட்டெல்லாம் சிதம்பரத்து வீட்டு பீரோவில் இருந்தன. மாமா தரமாட்டார். கடையும் வீடும் ஒன்றாக இருந்ததால் அவர் இருக்கும்போது உள்ளே போகவும் முடியாது. அவரை வெளியே கிளப்ப வேண்டும். யோசனை அக்காவுடையது; வீட்டுச் சாவி ஒன்றும் அவளிடமே இருந்தது.

அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு அவள் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள். போய்ச் சேர்ந்து, தெருமுனை மருந்துக்கடையில் நின்றபடி என்னைக் கூப்பிட்டாள். ஏற்கெனவே மஞ்சக்குப்பத்துக்கே கொண்டுவந்து வைத்திருந்த திரைப் போனின் புள்ளியை நான் மெல்ல நகர்த்தி, எங்கள் ஊர் முதுநகர் ரயில் ஜங்ஷனில் கொண்டுபோய் நிறுத்தினேன். பொண்டாட்டி ரயில் ஏறிப் போகப்போகிறாள் என்று அவர் நினைக்க வேண்டும்.

"ஷட்டர எறக்கிட்டார்டா" என்று கிசுகிசுத்தாள். "வண்டிய எடுத்துட்டார். இந்தப் பக்கந்தான் வரார்." வண்டிச் சத்தம் போனிலேயே கேட்டு, தேய்ந்து மறைந்தது. "போயிட்டார். நான் உள்ள போறேன்."

அவர் பாதி வழியிலிருக்கும் புதுச்சத்திரம் தாண்டியிருப்பார் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது லேப்டாப் திணறத் தொடங்கியது. மெமரி முழுக்க நிரம்பிவிட்டிருந்தது. மவுஸ் நகரவில்லை. எமுலேட்டர் ஒரு தடவை வெளிறி, பட்டென்று மூடிக்கொண்டது. மறுபடி ஓட்டினேன். அது எழுந்ததும் அந்தச் செயலியும் கூடவே எழுந்தது. நான் முதுநகரைக் குறிப்பதற்குள் என் போன் அடித்தது.

மாமா. பின்னால் லாரிச் சத்தம். வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார்.

"மச்சான், அக்கா அமெரிக்கா எப்ப போனா?"

திரையைப் பார்த்தேன்; புள்ளி அமெரிக்காவில் நின்றது.

"ரேம் பத்தல போலருக்கு" என்றார் மெதுவாக. "லேப்டாப்ப கடைக்கு எடுத்துட்டு வா. ஜாஸ்தி போட்டுத் தரேன்."

போனை வைத்துவிட்டார். அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அக்கா எடுத்தாள்.

"எல்லாம் கெடச்சிடுச்சி. ஒரு மார்க் ஷீட்டுதான் காணல, பாத்துட்டு…"

"வுடு! திரும்பி வரார். பின்பக்கமா வெளிய போ!"

பின்சந்து வழியாக வந்து ஆட்டோ பிடித்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் மாமாவின் வண்டி எதிரே வந்து, ஆட்டோவை உரசுகிற மாதிரி கடந்து போனதாம். அவர் அவசரப்படவில்லை, சாதாரணமாகத்தான் ஓட்டிக்கொண்டு போனார் என்றாள். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். லேப்டாப்பைத் திறந்து, எமுலேட்டர் எழும்வரை காத்திருந்து பார்த்தார்கள். மாமாவைக் கூப்பிட்டு விசாரித்தபோது, "பொண்டாட்டி மேல அக்கறைங்க மேடம்" என்றார். இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். காணாத மார்க் ஷீட்டுக்கு நகல் வாங்கினோம். அக்கா புது போனும் புது நம்பருமாகப் புதுச்சேரிக்குப் போய், ஒரு ஹாஸ்டலில் தங்கி வேலைக்குச் சேர்ந்தாள். எந்த ஊர் என்று சொந்தக்காரர்களுக்குக்கூடச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து மாமா கூப்பிட்டார். மழை, கடை என்று ஏதேதோ பேசினார். வைக்கும்போது, "அக்காவுக்கு ஹாஸ்டல் சாம்பார் ஒத்துக்கலயாமே?" என்றார்.

அக்காவிடம் சொன்னேன். "அத உன்கிட்ட மட்டுந்தானடா சொன்னேன். அதுவும் நேத்து, போன்ல."

என் போனை அலசினேன், அம்மாவின் போனையும் அக்காவின் புது போனையும் அலசினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இப்போதெல்லாம் அக்காவிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறிப் போகிறேன்.