முதல் வாரத்தில் ஒன்றும் நடக்காது

நீங்கள் பொய் சொன்னீர்கள் சார். தெரிந்து சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் சொன்னது பொய்.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இவர் எங்கள் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்களை அனுப்பும் பொறுப்பும் இவருடையதுதான். கல்லூரி சென்னைக்கு வெளியே, வேப்பம்பட்டில் ரயிலிலிருந்து இறங்கிப் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறது. என் வீடு கொரட்டூரில். மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டரை ஜெர்மனியில் படிக்க எங்கள் துறையிலிருந்து தேர்வானது நான் ஒருத்திதான். அங்கே எழுதும் தேர்வின் மதிப்பெண்ணை இங்கே சேர்த்துக்கொள்வார்கள். அதுதான் ஏற்பாடு.

டிக்கெட் போட்டாகிவிட்டது. அப்போதுதான் இவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நிறுவனர் நாள் விழாவில் சேர்மன் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறாராம். பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டுமாம்.

"சார், அங்க திங்கட்கிழமை ஆரம்பிக்குது."

"முதல் வாரத்துல ஒண்ணும் நடக்காதும்மா. ஊரைச் சுத்திக் காட்டுவாங்க, கேக் குடுப்பாங்க. நம்ம காலேஜ்ல முதல் வாரம் எவனாவது பாடம் நடத்திப் பாத்திருக்கியா?"

நான் பார்த்ததில்லை. அதனால் சிரித்தேன்.

"விழாவுல இருந்துட்டுப் போ. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

டிக்கெட்டை மாற்றினார்கள். விழாவுக்கு அப்பாவும் வந்தார். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, பஸ்ஸோடு நேராக வந்துவிட்டார். முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். விழா முழுக்க என் காதில் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வண்டிய மெயின் ரோட்டுல உட்டுட்டு வந்துகீறேன் கண்ணு. எவனாச்சும் இட்சிட்டான்னா மேனேஜர் என்னிய கொன்னுடுவான். எப்ப முடிப்பானுங்க?"

சேர்மன் பொன்னாடை போர்த்தினார். போட்டோவில் அவர் கண் மூடியிருந்ததாம். கழற்றி மறுபடியும் போர்த்தினார். எல்லோரும் இரண்டு முறை கைதட்டினார்கள். இதற்காகத்தான் ஒரு வாரம் தாமதமாகப் போனேன்.

போன இடத்தில் எனக்கு எதுவுமே புரியவில்லை. ஊர் அழகாக இருந்ததா என்று கேட்காதீர்கள். சுத்தமாக இருந்தது. சத்தம் இல்லை. குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்து வை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக் கிடந்தன. நான் எதையாவது கேட்டால், கேட்டதற்கு மட்டும் சரியாகப் பதில் சொன்னார்கள். கேட்காததை ஒருவரும் சொல்லவில்லை. இங்கே என்றால் பஸ் நம்பர் கேட்டால்கூட, எங்கே போகிறாய், யாரைப் பார்க்க, அந்தப் பக்கம் மழைத்தண்ணீர் நிற்கிறது, இப்படிப் போ என்று நாலு பேர் சொல்வார்கள். எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சல் எவ்வளவு உபயோகம் என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது.

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம். எங்கள் கல்லூரியில் தேர்வு எழுத வேண்டுமென்றால் வருகை முக்கால் பங்குக்குக் குறையக்கூடாது. மற்ற எதையும் நாங்கள் செய்வதில்லை. பெயர் கொடுப்பது, பணம் கட்டுவது, ஹால் டிக்கெட் எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவோம், அவ்வளவுதான். வந்து உட்கார்ந்தவனுக்குத் தேர்வு உண்டு. இதைத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து பழகியிருக்கிறேன்.

அதனால் ஒரு வகுப்புகூட விடாமல் போனேன். காய்ச்சலோடும் போனேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன். என் பெயர் எங்கேயும் பதிவாகவில்லையே என்று பயந்து, ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அந்த ஊர்ப் பேராசிரியரிடம் போய், நான் வந்ததற்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன். வயதானவர். சைக்கிளில் வருவார். கையில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"எதற்குக் கையெழுத்து? நீங்கள் இங்கேதானே நிற்கிறீர்கள். எனக்குத் தெரிகிறதே."

அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. என்னைத் தெரிகிறது என்றால் போதும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தேர்வு நாள் வந்தது. ஹால் கதவில் ஒட்டியிருந்த பெயர்களில் என் பெயர் இல்லை. நான் பதறவில்லை. எங்கள் கல்லூரியில் ஒரே வகுப்பை நாலு ஹாலில் பிரித்துப் போடுவார்கள். அதனால் அடுத்த ஹாலுக்கு ஓடினேன். அங்கே வேறு ஏதோ பாடம். மாடிக்கு ஓடினேன். அங்கே பூட்டியிருந்தது. திரும்பி வந்தபோது வாசலில் பேராசிரியர் நின்றிருந்தார்.

"நீங்கள் இந்தத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கவில்லை" என்றார்.

"நான் ஒரு வகுப்புகூட விடவில்லை சார்."

"தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்தீர்கள். நன்றாகவும் படித்தீர்கள்."

"அப்படியென்றால் எழுதலாமா?"

"முடியாது. அது வேறு, இது வேறு."

அழுதுவிட்டேன். அவர் என்னை வராந்தாவில் உட்கார வைத்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே தேர்வு ஆரம்பிக்க வேறொருவரை அனுப்பிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் அவர் திட்டுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். இதை எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் முதலில் திட்டுவார்கள். அறிவு இருக்கா, பொறுப்பு இருக்கா என்று கேட்பார்கள். கேட்டு முடித்ததும் "ஒழி, போய் எழுது" என்பார்கள். திட்ட ஆரம்பித்தாலே வேலை முடிந்தது என்று எங்களுக்குத் தெரியும். அந்த ஊர்ப் பேராசிரியர் திட்டவே இல்லை. கடைசிவரை அன்பாக இருந்தார். கடைசிவரை விடவும் இல்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

அப்பாவுக்குப் போன் செய்தேன். சென்னையில் மதியம் தாண்டியிருந்தது. எஸ்டேட் கேட்டில் ஷிப்ட் விடுவதற்காக பஸ்ஸில் காத்திருந்தார்.

"இன்னா கண்ணு, பரிச்ச எப்டி எய்தின?"

"எழுத விடலப்பா. பேரு இல்லையாம்."

"பேரு இல்லன்னா பேனாவ எட்த்து எய்திக்கச் சொல்லு. அதுக்கு இன்னா இப்போ?"

"அப்படியெல்லாம் பண்ண முடியாதுப்பா."

"நான் வோணா பேசட்டா அந்தாளாண்ட?"

"நீ என்ன பேசுவ?"

"அப்ப கால்ல உய்ந்துடு. வெள்ளக்காரன் பயந்துகினு உட்ருவான்."

அழுகையோடு சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பின்னால் யாரோ "டிரைவரண்ணே, கதவத் தொறங்க" என்று கூப்பிடுவது கேட்டது.

மற்ற பாடங்களுக்கும் அதே கதைதான். எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில்தான் பெயர் கொடுத்திருக்க வேண்டும். அந்த நாட்கள் முடிந்துவிட்டன. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலம் விடுதியில் நாங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சமையலறையில் மதுரைக்கார அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அங்கேயே மேல்படிப்பு படிக்கிறவள். நான் வந்த நாளிலிருந்து என்னைத் தங்கச்சி மாதிரி அதட்டிக்கொண்டிருந்தவள். அவளிடம் சொன்னேன்.

"பேரு குடுக்கலையா? ஏன்டி, மொத வாரத்துல அஞ்சு தடவ சொல்வாய்ங்களே. கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சு, எங்கன அமுக்கணும்னு சொல்லிக் குடுப்பாய்ங்களே."

"நான் மொத வாரம் வரலக்கா."

"எங்கன போன?"

"பொன்னாடை வாங்க."

அவள் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மொதல்ல சாப்பிடு" என்று தோசையை என் தட்டில் போட்டாள்.

சில நாள் கழித்து அந்தப் பேராசிரியரே என்னைக் கூப்பிட்டார். அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். அடுத்த முறை தேர்வு நடக்கும்போது நான் சென்னையிலிருந்தே எழுதலாம். என் கல்லூரியில் ஒருவர் மேற்பார்வை பார்க்க வேண்டும். மற்ற பாடங்களின் ஆசிரியர்களிடமும் பேசிவிட்டார். ஆனால் அதை மாணவி கேட்கக்கூடாது, கல்லூரியின் பொறுப்பாளர் கேட்க வேண்டும். "ஒரு மெயில் போதும்" என்றார். விதியை மீறாமல் எனக்காக இவ்வளவு தேடியிருக்கிறார். அன்றைக்கு அந்தக் கதவைத் திறந்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

ஊர் திரும்பினேன். அப்பாவோடு எங்கள் கல்லூரியில் இவர் அறைக்குப் போனேன். காபி வரவழைத்தார்.

"நீ கேட்டிருக்கணும்மா. மூணாவது வருஷம் படிக்கிற பொண்ணு."

"நீங்கதானே சார் பாத்துக்கறேன்னு சொன்னீங்க."

"நான் விசா, டிக்கெட்டைச் சொன்னேன்."

"முதல் வாரம் ஒண்ணும் நடக்காதுன்னு சொன்னீங்களே சார்?"

அவர் அப்பாவிடம் திரும்பி, "சர்க்கரை போதுமா சார்?" என்றார். அப்பா போதும் என்றார். மெயிலைப் பற்றிக் கேட்டேன்.

"அனுப்பலாம்மா. ஆனா ஏன் எழுதலைன்னு காரணம் போடணும்ல? என்னன்னு போடறது? யோசிச்சுத்தான் எழுதணும்."

வேப்பம்பட்டில் ரயில் ஏறினோம். ஆவடியில் கூட்டம் இறங்கியதும் அப்பாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. பிறகு, "நல்ல மனுசன்தான்" என்றார்.

"யாரு?"

"உங்க சாரு. காபிலாம் குட்த்தாரு. என்னிய சாருன்னு கூப்ட்டாரு."

"அவராலதான்பா எல்லாம் போச்சு."

"இருக்கும். ஆனா விசாவுக்கு நீ போனப்போ வெயில்ல உன்கூட நின்னாரே. அது யாரு?"

அதுவும் உண்மைதான். நாள் முழுக்க நின்றார். எனக்கு மோர் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தான் குடிக்காமல் இருந்தார். நான் ஜெர்மனி கிளம்பும்போது அவர் மனைவி புளிக்காய்ச்சல் பாட்டில் கொடுத்து அனுப்பினார். குளிர்காலம் முழுக்க அதைத்தான் சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். நான் யார் மேல் கோபப்படுவது? இவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

"உட்டுடு கண்ணு" என்றார் அப்பா. "பெரிய எடத்துல மோதினா நமக்குத்தான் அடி. அரியர்னா திரும்ப எய்திக்கலாம்."

அப்பாவுக்குப் புரியவில்லை. எங்கள் கல்லூரி அந்தச் செமஸ்டர் முழுவதையும் 'ஆப்சென்ட்' என்று போட்டுவிட்டது. எல்லாப் பாடமும் அரியர். வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள் அரியர் இருப்பவர்களை உள்ளேயே விடுவதில்லை. ஒரு பேப்பர் பாக்கி இருந்தாலே வாசலோடு சரி. எனக்கு ஒரு செமஸ்டரே பாக்கி. காய்ச்சலோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தவள் ஆப்சென்ட்! அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் நான் அங்கே போனதே நிஜமா என்று சந்தேகம் வருகிறது.

அதற்குப் பிறகு மெயில் பற்றி எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "பாக்கலாம்மா" என்கிறார். வராந்தாவில் என்னைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார். போன் அணைந்திருப்பது எனக்குத் தெரிகிறது. காரணம் என்று எதை எழுதுவது என்பதுதான் இவருடைய கஷ்டம் என்று நினைக்கிறேன். விழாவுக்காக நிறுத்திவைத்தோம் என்று எழுதினால் சேர்மன் கேட்பார். மாணவியின் கவனக்குறைவு என்று எழுத மனசு வரவில்லை போலிருக்கிறது. நல்ல மனசு. அந்த நல்ல மனசால் ஒன்றும் எழுதாமல் இருக்கிறார். நாள் போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்த தேர்வுக்குப் பெயர் வாங்கும் நாட்கள் இந்த மாதக் கடைசியோடு முடிகின்றன. இந்த முறை எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அனுப்ப வேண்டியவர் நீங்கள்.

சார், தனியாகக் கூப்பிட்டு எனக்குக் காபி கொடுக்க வேண்டாம். என் அப்பாவை சார் என்று கூப்பிடவும் வேண்டாம். திங்கட்கிழமை முதல் பீரியட் எங்களுக்கு நீங்கள்தான். வகுப்பு மொத்தமும் உட்கார்ந்திருக்கும். துறைத் தலைவரையும் நான் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கேட்பேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்: அந்த மெயிலை அனுப்புவீர்களா, மாட்டீர்களா?