மூன்று வருடத் தேயிலைக்கு ஐந்து வருட அனுபவம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். தமிழில் எழுதியதும் நான்தான் – தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு அதுவும் ஒரு வேலை.

'தேயிலையில் ஐந்து வருட அனுபவம் உள்ளவர்களுக்கே இனி வேலை. மற்றவர்கள் பெயர் வெட்டப்படும்.'

இலங்கையில், லுணுகலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் முதல் தேயிலைக் கன்று நட்டு மூன்று வருடம், நான்கு மாதம். நாட்குறிப்பைப் பார்த்தே சொல்கிறேன். அதற்கு முன் மலை முழுக்கக் காப்பி. இலை நோய் வந்து காப்பி செத்தது. இந்த ஊவாப் பகுதியே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது. ஐந்து வருட அனுபவத்துக்கு எங்கே போவது?

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டேன். "தெரியாத ஆளுக்கு வேலை கொடுக்கும் காலமா இது?" என்றார். நியாயம்தான்... அவரே தேயிலையைக் கற்பது கப்பலில் வந்த ஒரு புத்தகத்தில்தான். இன்னும் பாதி பாக்கி.

கஷ்ட காலம் வந்தால் முதலில் ஆளைக் குறைக்கிறோம். மறு வாரமே, வேலை தெரிந்த ஆள் இல்லை என்று புலம்புகிறோம். கற்றுக்கொடுக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை!

ஆனாலும் ஒருவர் கிடைத்தார் – கருப்பையா கங்காணி. வேறு தோட்டத்தில் தேயிலையில் ஐந்து வருடமாம். துரை அவரையே வாத்தியாராக்கினார்.

"பாத்துக்குங்க... கொழுந்து எடுக்கறது இப்பிடித்தான்!" என்று கங்காணி ஒரு பிடி பிடித்து உருவினார். தளிர், முற்றல், காம்பு எல்லாம் கையோடு வந்தன. செடி மொட்டை.

பெண்கள் பாடு இன்னும் மோசம். காப்பியில் பழுத்ததை மட்டும் பறித்துப் பழகிய கைகள். தளிரை ஒடித்தால் திட்டு விழும். இப்போது தளிரைத்தான் கிள்ள வேண்டுமாம். கை கேட்குமா? கூடை கூடையாக முற்றிய இலை வந்தது.

துரை பென்சிலை எடுத்தார். முதல் பெயர் வள்ளியம்மை. வந்து ஆறு மாதம்தான்; காப்பியும் தெரியாது. பெயர் போனால், தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போகும். காய்ச்சலில் கிடக்கும் புருஷனோடு எங்கே போவாள்?

"ஒரு வாட்டி கிள்ளிக் காட்டட்டுங்களா, ஐயா?" என்று என்னிடம் கேட்டாள்.

"காப்பிச் செடிக்கும் தேயிலைக்கும் வித்தியாசம் தெரியுமா ஒனக்கு?" என்றார் கங்காணி.

"தெரியாதுங்க. கொழுந்துன்னீங்களே, அது தெரியும். குளித்தலையில பத்து வருசம் வெத்தலைக் கொடிக்கால்ல கிள்ளுனவ நான்."

"வெத்தலையாம்! பாக்கும் சுண்ணாம்பும் யாரு குடுப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் செடியருகே போனாள். கட்டைவிரல் நகம், ஆள்காட்டி விரல் – டக், டக். இரண்டு இலை, ஒரு மொட்டு. காம்பு கிழியவில்லை. துரை புத்தகத்துப் படத்தைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். பென்சில் சட்டைப்பைக்குள் போனது.

"கங்காணியாரே, அஞ்சு வருசமா நீங்க எதைக் கிள்ளுனீங்க?" என்றாள் ஒருத்தி.

"கிள்ளுனேன்னு எப்பச் சொன்னேன்? தேயிலைப் பெட்டிய வண்டியில ஏத்துனேன். அதுவும் தேயிலைதானே?"

அன்று பத்து மணியிலிருந்து எல்லோருக்கும் வள்ளியம்மையே கற்றுக்கொடுத்தாள். ஒரு பெயரும் வெட்டப்படவில்லை. ஆனால் ரிஜிஸ்டர்? அனுபவம் இல்லாதவள் அனுபவசாலிக்குக் கற்றுக்கொடுத்தாள் என்று எழுத அதில் கட்டம் இல்லை. துரை சொன்னபடி எழுதினேன்: 'பயிற்சி கொடுத்தவர் – கருப்பையா கங்காணி. பயிற்சி பெற்றவர் – வள்ளியம்மை.'

வள்ளியம்மைக்கு அதை வாசித்துக் காட்டும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

"எம்பேரு அதுல இருக்குல்லீங்க, ஐயா?"

"இருக்கும்மா."

"அப்பக் கங்காணி பேரையும் வெட்டிறாதீங்க. பெட்டி தூக்க ஆளு வேணும்ல!"