தேரை விழுங்கிய நீலக் கல்

என் கணவர் ஷார்ஜாவில் செடிப் பண்ணை ஒன்றில் வேலை பார்த்தார். மூன்று வருடம் கழித்து லீவில் நாகூருக்கு வந்தபோது எங்கள் மகளுக்கு ஐந்து வயது. அவரை அவளுக்கு நினைவில்லை. அவர் உள்ளே வந்தால் இவள் கொல்லைக்குப் போய்விடுவாள். ஒருமுறைகூட 'வாப்பா' என்று கூப்பிடவில்லை. அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்போது அவள் ஒரு தேரை வளர்த்தாள். பழைய மீன் தொட்டியில் கொல்லை மண் போட்டு, கரப்பான் பிடித்து அதற்குக் கொடுப்பாள். எனக்குக் குமட்டும். மகளை எப்படியாவது வசப்படுத்த நினைத்த மனிதர், மண்ணைக் கொட்டிவிட்டு, ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த வண்ணக் கூழாங்கற்களைப் பரப்பினார். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தாள். மறுநாள் தேரை கரப்பானோடு ஒரு நீலக் கல்லையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

மூன்று நாள் அது எதையும் தொடவில்லை. வயிறு ஒருபக்கம் புடைத்திருந்தது.

"நீங்கதான் கல்லு போட்டீங்க."

அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் என்னைக் கையமர்த்தினார்.

"அவ சொல்றது சரிதானே."

கற்களை அள்ளி எறிந்தார். தொட்டியில் பரப்பத் தேங்காய் நார்த்தூள் வாங்கி வந்து வாளியில் திரும்பத் திரும்ப அலசினார்.

"எத்தனை தடவைதான் கழுவுவீங்க?" என்றேன்.

"இதுல உப்பு இருக்கும். தேரை தோலாலதான் தண்ணி குடிக்கும், தாங்காது. நம்ம பக்கத்துத் தூளுதான் அங்கயும் செடி வைக்க மூட்டை மூட்டையா வருது. தினம் நான் அலசுறது இதைத்தான்."

எந்தக் கடிதத்திலும் எழுதாத அவர் வேலையை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தது. நெடி போக அந்தத் தண்ணீரை ஒருநாள் சட்டியில் திறந்து வைத்து, தேரையின் வயிறு நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றினார். மகள் தள்ளி நின்று பார்த்தாள்.

அதற்குள் லீவு முடிந்துவிட்டது. கிளம்பும்போதும் அவள் தொட்டியை விட்டு நகரவில்லை.

அவர் போன மூன்றாம் நாள் ஈரத் தூளின்மேல் நீலக் கல் கிடந்தது. தேரை கரப்பானை லபக்கென்று பிடித்தது.

வெள்ளிக்கிழமை பக்கத்துக் கடைக்கு அவருடைய போன் வந்தது. நான் வாய் திறப்பதற்குள் ரிசீவரை அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"வாப்பா, கல்லு வெளிய வந்துடுச்சு! நல்லா சாப்பிடுது. நீங்க எப்ப வருவீங்க?"

நான் வாங்கிக் கேட்டபோது அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் மட்டுமே இருந்தது. என்னைப் பிரிந்து போகும்போதுகூட அழாத மனிதர். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.