சமையலறை ஜன்னலில் ஒரு மழைக்காலம்

மும்பை விக்ரோலியில் எங்கள் அலுவலகப் பயிற்சி அறையில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு துண்டுத் துணி மாட்டியிருக்கிறது. சாயம் போடாத பருத்தி. கரும்புள்ளியாகப் பூஞ்சை படர்ந்து காய்ந்துபோனது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அலுவலகங்களுக்கு வெயிலை மறைக்கும் ஜன்னல் திரை, அதாவது பிளைண்ட், தைத்து மாட்டுவது எங்கள் தொழில். துணி வாங்கும் பிரிவில் எனக்கு மேலே இருந்தவர், மாட்டுங்காவிலிருந்து வந்துபோனதால் எங்களுக்கு மாட்டுங்கா அக்கா. எந்தத் துணியையும் லேசில் நம்பமாட்டார். ஒரு மழைக்காலம் முழுக்கத் தன் வீட்டுச் சமையலறை ஜன்னலில் தொங்கவிட்டுப் பார்ப்பார். “வெயிலைத் தடுத்தா மட்டும் போறாதுடி. ஒரே மழையில குப்பைக்குப் போற துணியால பூமிக்கு என்ன லாபம்?” என்பார்.

சுற்றுச்சூழலைக் கெடுக்காத கட்டடம் என்று பெயர் வாங்கத் துடித்த ஒரு கம்பெனி எங்களிடம் வந்தது. பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி நெய்த துணியைச் சொன்னார் அக்கா. எங்கள் முதலாளிக்கோ இந்தப் பருத்திமேல் மோகம். தொட்டாலே இயற்கை என்று தெரிகிறதாம். தன் ஜன்னலிலிருந்து அவிழ்த்து வந்த பூஞ்சைத் துண்டை அக்கா மீட்டிங்கில் மேஜைமேல் வைத்தார். முதலாளி சிரித்தார்.

“மேடம், அது உங்க கிச்சன். ஆபீஸ்ல ஏசி ஓடும். டென்ஷன் மத் லோ, கவலையே வேண்டாம்.”

குளிர்காலத்தில் திறப்பு விழா. போட்டோவில் பருத்தி அழகாகத்தான் இருந்தது. பிறகு மழை வந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அந்தப் பசுமைக் கட்டடத்தில் சனி, ஞாயிறு ஏசியை நிறுத்திவிடுவார்கள் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஆகஸ்டுக்குள் மாடி மாடியாகப் பூஞ்சை. அத்தனையையும் கழற்றி லாரியில் குப்பைமேட்டுக்கு அனுப்பிவிட்டு, அவசரத்துக்குச் சாதா பிளாஸ்டிக் பிளைண்டையே மாட்டினோம். நல்ல பசுமை!

ஆர்டரில் கையெழுத்து அக்காவுடையது. முதலாளி போடச் சொல்லிப் போட்டது என்று அலுவலகத்துக்கே தெரியும். ஆனாலும் பழி அக்கா தலையில்தான் விழுந்தது. தண்டனையாக, பாண்டுப்பில் இருக்கும் சரக்குக் கோடவுனுக்கு மாறிப் போகச் சொன்னார்கள். அக்கா வேலையையே விட்டுவிட்டார். “நான் சொன்னது தப்புன்னா போறது நியாயம். சரின்னு தெரிஞ்சுண்டே அனுப்பறேளே,” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனார். பூஞ்சைத் துண்டு அவருடைய மேஜையிலேயே கிடந்தது.

இப்போது எங்கள் கம்பெனியில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாத துணி விற்பனைக்கு வராது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்தச் சட்டத்தைக் காட்டி, “இந்த டெஸ்ட் என்னோட ஐடியா” என்கிறார் முதலாளி. கீழே பித்தளைத் தகட்டில் அவர் பெயர். துணியின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை இருக்கிறது. அக்கா சாம்பாருக்குத் தாளித்தபோது தெறித்த எண்ணெய் அது.