திருச்சியிலிருந்து வந்த கோடிச் சேலை

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி அடைமழையில் மடுல்சீமைப் பாதையில் நடந்தது இது. நான் இலங்கை மலைநாட்டில், பதுளையில் வாடகை வேன் ஓட்டுகிறேன். விமானத்தில் ஏறியதே இல்லை. ஏறப்போகிறவர்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்கிவிடுவதும், வந்தவர்களை ஏற்றி வருவதும்தான் பிழைப்பு.

அன்று காலை அங்கே நான் ஏற்றியவர் திருச்சிக்காரர். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலியால் தடி ஊன்றி நடந்தார். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இளவயதில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவராம். கூடப் பிறந்த ஒரே தங்கை புருஷன் வீட்டாரோடு தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். அவள்தான் இறந்துபோயிருந்தாள். எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் செத்தால், பிறந்த வீட்டார் கோடிச் சேலை போர்த்திய பிறகுதான் அடக்கம். அந்தச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

தங்கையின் மகனிடம் அவர் போனில், "ப்ளைட் ஒரு மணி நேரம்தான், மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் அதை நம்பி, சாயங்காலம் அடக்கம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள். கடலைத் தாண்ட ஒரு மணி நேரம், சரி. கட்டுநாயக்காவிலிருந்து எங்கள் மலைக்கு ஏறி வர ஒரு பகல் போய்விடுமே, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. "இன்னும் எவ்வளவு தூரம் தம்பி?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். "இந்தா, கிட்டதாங்க" என்று நானும் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பசறையைத் தாண்டி மேலே ஏறினால், தோட்டத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. ஓரமாக ஆள் நடக்கலாம், வேன் போகாது. அந்தக் காலோடு அவரால் மீதி மேட்டை ஏறவே முடியாது. வெட்டிய குழியில் மழைத் தண்ணீர் ஏறுகிறது, இருட்டுவதற்குள் அடக்கம் செய்தாக வேண்டும் என்று தங்கை மகன் போனில் அழுதார். "நீங்க பொதச்சிருங்கய்யா" என்று சொல்லிவிட்டு இவர் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன் வந்தது. "மாமா, அங்கயே இருங்க. அம்மாவ நாங்க தூக்கிக்கிட்டு வாறோம்."

மயானம் இருப்பது தோட்டத்து வீடுகளுக்கும் மண் சரிவுக்கும் நடுவழியில். எடுத்த பிணத்தை மயானத்தைத் தாண்டிக் கொண்டுபோய்த் திருப்பி எடுத்து வருவது எங்களிடம் கேள்விப்படாத விஷயம். குடும்பத்துக்கு ஆகாது என்று சிலர் தடுத்திருக்கிறார்கள். இறந்தவளோடு பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த ஒரு அம்மாதான், "அண்ணன் சேல இல்லாம அவள அனுப்புனா மட்டும் ஆகுமா? தூக்குங்கடா" என்றாராம். தங்கை மகன் பிறகு சொன்னார்.

பெரியவரைக் கைத்தாங்கலாக மண் சரிவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். முதலில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. பிறகு வளைவில் பெட்டி தெரிந்தது. வழக்கமாக லயத்து வீட்டு வாசலோடு நின்றுவிடும் பெண்களும் பின்னால் நனைந்தபடி வந்தார்கள். பெட்டியைச் சேற்றில் வைக்காமல் இடுப்பளவுக்குத் தாழ்த்திப் பிடித்தார்கள். அவர் சேலையைப் பிரித்துப் போர்த்தினார். "வந்துட்டேம்மா" என்றார், அவ்வளவுதான். யாரென்றே தெரியாத ஒருத்திக்காக நானும் அழுதேன்.

பிறகு பெட்டியை வந்த வழியே திருப்பிக் கொண்டுபோனார்கள். அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை ஒரு கேடும் வரவில்லை என்று கேள்வி. பதுளை டவுனில் நான் இருக்கும் தெருவில், எனக்காக வழக்கத்தை மீறி இப்படி நாலு பேர் மழையில் வருவார்களா என்று இப்போதும் சில சமயம் யோசிக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.